ஒவ்வொரு வரிக்கும் ஆமென்

மூன்றாவது வரிக்கும் ஆமென் சொன்னார்கள்.

எதற்கும் சொல்வார்கள். பிறந்த தேதிக்குச் சொன்னார்கள். பிறந்த ஊருக்குச் சொன்னார்கள். நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த வருஷத்துக்கு, கையைத் தூக்கிச் சொன்னார்கள்.

அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அதில் யாருடைய வாய் நாற்றமோ இருந்தது.

பெட்டிக்குள் அப்பா. வெள்ளைச் சட்டை. நெஞ்சின் மேல் வேதப் புத்தகம். கையருகே ஒரு வாலிபால். டீம் ஆட்கள் கொண்டுவந்து வைத்தது. இறந்த பிறகும் அவருக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஜெப வீடு நிறைய வெள்ளைச் சேலைகள். முதல் வரிசையில் அம்மா.

குடும்பத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. அதனால் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. எழுதியது அவள் இல்லை, பாஸ்டர். விசுவாசம், குடும்பம், பாட்டு, விளையாட்டு என்று நாலு தலைப்பு போட்டிருந்தார். சபையில் எந்த ஆண் செத்தாலும் முதல் இரண்டு தலைப்பு அவரிடம் தயாராக இருக்கும்.

காலையில் அம்மா சொன்னது இவ்வளவுதான்.

"எழுதியிருக்கத அப்படியே வாசிச்சிருட்டி. நீ மெட்ராஸுக்குப் போயிருவ. நான் இந்தச் சனங்களுக்குள்ளதான் கெடக்கணும்."

சரி என்றிருந்தாள்.

'அதிகாலை ஜெபத்துக்கு ஒரு நாளும் தவறாதவர்.'

ஆமென்.

உண்மைதான். ஜெபம் முடித்து அவர் வரும்போது காப்பி ஆறியிருக்கக் கூடாது. ஆறியிருந்தால் டம்ளர் சுவரில் போய் விழும். சில நாள் சுவரில் விழாது.

'சபையின் இனிய பாடகர். அவர் பாடினால் கல் நெஞ்சமும் கரையும்.'

ஆமென். ஸ்தோத்திரம்.

வீட்டில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. முதலில் கதவைச் சாத்துவார். பாட்டைப் போடுவார். சத்தத்தைக் கூட்டுவார். அதன் பிறகுதான் அம்மாவைக் கூப்பிடுவார்.

எந்நேரமும் துதி கேட்கிற வீடு என்று தெருவில் பேர்.

'வாலிபால் களத்தில் சிங்கம். பக்கத்து ஊர் நாசரேத்தில் நடந்த போட்டியில் இவர் அடித்த பந்தை எதிரணியால் தொட முடியவில்லை.'

அம்மாவுக்கு வலது பக்கமிருந்து ஒருவர் தாங்க மாட்டாமல் சத்தமாகவே சொன்னார். "என்னா கைய்யா அது! ஒரே அடி. அதுக்கு மேல எந்திரிக்காது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். துட்டி விசாரிக்க வந்த இடத்தில் சிரிக்கலாம் என்கிற அளவுக்கு.



அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துக் காது அவளுக்குக் கேட்காது.

'தன் ஒரே மகளைப் பட்டதாரியாக்கி அழகு பார்த்தவர்.'

ஆமென்!

இருந்ததிலேயே பெரிய ஆமென் இதுதான். எல்லோரும் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர் செய்து முடித்த பொருள் ஒன்று எழுந்து நின்று வாசிக்கிற மாதிரி.

கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் ஹால் டிக்கெட்டை நான்காகக் கிழித்தார். பொம்பளப் பிள்ளை படித்துக் கிழித்தது போதுமாம். அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிக் கொடுத்தாள். வலது கையில் கட்டு. ஒட்டியது இடது கையால். போட்டோவில் அவளுடைய மூக்கு மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. பரீட்சை ஹாலில் இருந்த சார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

அடுத்த வரி: 'மனைவியைக் கண்மணிபோல் காத்தவர்.'

வாய் வரவில்லை.

இன்னொரு முறை முயன்றாள். வரவில்லை.

"அழாத மக்கா. கர்த்தர் இருக்காரு."

"தகப்பன் மேல எவ்வளவு பாசம் பாரு பிள்ளைக்கு."

அழுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். நாலைந்து பெண்கள் முந்தானையால் தங்கள் கண்ணையும் துடைத்தார்கள்.

அவள் தாளை மடித்தாள். அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னாள்.

'அம்மாவை அடிக்கும்போது அக்கம்பக்கம் கேட்காமலிருக்கப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.'

ஆமென்.

எல்லா வரிசையிலிருந்தும் வந்தது. ஒரு ஸ்தோத்திரமும் சேர்ந்து வந்தது.

'ஈஸ்டர் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து அடித்த அடியில் அம்மாவுக்கு வலது காது போனது.'

ஆமெ…

பாதிப் பேருக்குத் தொண்டையிலேயே நின்றது. ஒரு பெரியவர் மட்டும் முழுசாகச் சொல்லிவிட்டு, ஏன் மற்றவர்கள் சொல்லவில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.



பாஸ்டர் எழுந்து வந்தார். முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. மைக்குக்குக் கை நீட்டினார். "துக்கம் தாங்காம பிள்ள ஏதோ…" என்று சபையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். காலையில் கொடுத்த வாக்கு போயிற்று. இவள் மெட்ராஸுக்குப் போய்விடலாம். நாளைக்கு இந்த முகங்களுக்கு நடுவில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டியது அம்மா.

அம்மா எழுந்தாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெட்டியைச் சுற்றி நடந்தாள். உள்ளே பார்க்கவில்லை. பாஸ்டருக்கும் மைக்குக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பாஸ்டர் ஐயா, நீங்க உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. அம்மாவும் நகரவில்லை.

மகளிடம் திரும்பினாள்.

"இன்னும் இருக்குல்லா," என்றாள். "வாசி."