பதினேழாம் தேதியின் பெருமை

அன்று தன் நாள் என்பதால், சமையலறைக் காலண்டரின் பதினேழாம் தேதித் தாளுக்குத் தலைகால் புரியவில்லை.

"என் மேல என்ன அச்சடிச்சிருக்காங்க பாரு! இதே தேதியிலதான் ஒரு பெரிய போர் முடிஞ்சதாம். நடுக்கடல்ல ஒரு தீவைக் கண்டுபிடிச்சாங்களாம்," என்று காலண்டருக்குப் பின்னால் குடியிருந்த பல்லியிடம் பீற்றிக்கொண்டது.

"அதையெல்லாம் யாரு படிக்கிறா? ராகுகாலம் பார்ப்பாங்க. நாளைக்குக் காலையில கிழிச்சு எண்ணெய்க் கையைத் துடைப்பாங்க," என்றது பல்லி.

தாளின் முகம் வாடிவிட்டது. அந்த வீட்டுப் பெண் பொற்கொடியும் வந்து ராகுகாலத்தை மட்டும்தான் பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளுடைய குழந்தை திடீரென்று கையை விட்டது. தத்தித் தத்தி அவளை நோக்கி நாலடி வைத்தது. பொற்கொடி கரண்டியைப் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் கை நீண்டபோது தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவளோ அதை ஓரம் பிசகாமல் கிழித்து, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

பல்லி அங்கேயும் வந்துவிட்டது. "எதுக்காக உன்னை எடுத்து வெச்சிருக்காங்க? போருக்கா, தீவுக்கா?"

"அதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டது," என்றது தாள். "பாப்பா நடந்ததை நான் என் கண்ணால பார்த்தேன்."