ஆள் எத்தின கிலோ?

"வயித்தையும் சேத்துச் சொல்லுங்க காக்கா. அத ஊட்டுல வெச்சிட்டா ஏறப் போறீங்க?"

காக்கா என்று அண்ணன் முறை வைத்தே ஜிப்ரி இப்படிக் கேட்டதும், எண்பது கிலோ என்று சொல்லி நின்ற மனுசனின் முகம் கறுத்துப்போனது. காற்றடித்து ஆற்றில் மிதக்கவிட்டு, மேலே நின்று துடுப்புப் போடுகிற பலகையை காத்தான்குடி ஆற்றோரத்தில் விற்பவன் ஜிப்ரி ஒருவன்தான். அந்தத் திமிர் அவனுக்குத் தலைக்கு மேலே நின்றது.

இருப்பது இரண்டே அளவு. பாரம் குறைந்த ஆளுக்குப் பத்தரை அடி, கூடினவருக்குப் பதினொன்றரை அடி. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் பேஸ்புக்கில் விளம்பரம் போட்ட நாளிலிருந்து, "பத்தரையா, பதினொண்டரையா?" என்று ஊரே போன் எடுத்து அவன் உயிரை வாங்கியது.

"நிறையக் கொறச்சுச் சொல்லிச் சின்னத எடுத்தா, ஆத்துக்கு நடுவுல வாழப்பழம் மாதிரி வளஞ்சிரும். மறுகா ஜிப்ரி ஏமாத்திட்டான் எண்டு கத்துற."

மனுசன் தலையைக் குனிந்துகொண்டு நூற்றிநாலு என்று ஒத்துக்கொண்டார். பதினொன்றரையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இந்த வாய்தான் அவன் உம்மா றம்லாவின் கவலை. "வாற ஞாயிறு பொண் பாக்கப் போறம் மகன், வாயக் கொஞ்சம் கட்டிட்டு இரி" என்று அன்று காலையில்தான் உம்மா கெஞ்சியிருந்தாள். "என்ட போன் வேற வாளிக்குள்ள விழுந்துட்டு. யாரும் எடுத்தா ஒண்ட போனுக்குத்தான் வரும், பேசு" என்றும் சொன்னாள். ஜிப்ரி பம்பை அமத்திக்கொண்டே ஓம், ஓம் என்றான்.

வயது முப்பத்தைந்து. ஐந்து சம்பந்தம் வந்து, ஐந்தும் அவன் வாயாலேயே கெட்டது. ஒரு வீட்டில் போய், வட்டிலப்பம் வேகவில்லை என்று பொண்ணின் பெரியம்மாவிடமே சொன்ன ஆள் இவன்.

ஆனால் ஞாயிறு பார்க்கப் போகிற இந்த இர்ஷானாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து பயலுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தவறிப்போனால் தாங்கமாட்டேன் என்று உள்ளுக்குள் பயந்தபடிதான் திரிந்தான். அந்தப் பயம் நாக்குவரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. அப்துல் கபூர் பேசுறன். பத்தரையா, பதினொண்டரையா? எது நல்லமெண்டு நீங்களே சொல்லுங்க."

வந்துட்டார்டா இன்னொருத்தர், என்று ஜிப்ரி பல்லைக் கடித்தான். "வ அலைக்கும் ஸலாம். அது ஆளப் பொறுத்த காக்கா. யாருக்கு?"

"யாருக்கா? எங்கட மகளுக்குத்தான் தம்பி."

மகளுக்காம்! ஏறி நின்று நாலு போட்டோ எடுப்பதற்கு ஒரு பலகை. "சரி, ஆள் எத்தின கிலோ?"

 மறுமுனையில் அவர் மெதுவாக, "கிலோவா தம்பி?" என்றார்.

"ஓம், கிலோதான். நிறை தெரியாம நான் எப்பிடிச் சொல்ற?"

"அது... அறுபது மட்டுல இரிக்கும்."

ஜிப்ரி வாய்விட்டுச் சிரித்தான். "எல்லா வாப்பாமாரும் இதத்தான் சொல்ற. வந்து நிண்டாப் பொறகுதான் தெரியும் எண்பதெண்டு. மறைக்காமச் சொல்லுங்க காக்கா."

"அறுபத்தெட்டு" என்றார் அவர். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது.

"உயரம்?"

"அஞ்சடி ரெண்டு."

"கட்ட. அப்ப பத்தரையே போதும்."

"தம்பி, எங்கட புள்ள நல்லாப் படிச்ச புள்ள. ரெண்டு வருசமாப் படிப்பிச்சுக் குடுக்கா..."

"படிப்ப வெச்சு இதுல என்ன செய்ற? விழாம நேரா நிக்கத் தெரியுமா? அதச் சொல்லுங்க."

"நிப்பா தம்பி! காலுல ஒரு கொறயும் இல்ல, அல்லாஹ் அறிய."

இந்த வயதில் இந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்று ஜிப்ரிக்கு இளக்காரமாக இருந்தது. ஆனாலும் கத்தவில்லை. உம்மா சொன்னதை நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னொண்டையும் இப்பவே சொல்லிப்போடுறன் காக்கா. பொண்டுகளுக்கு ரெண்டு நாளைக்குத்தான் ஆச, மூணாம் நாள் அலுத்துரும். மறுகா வேணாமெண்டு வந்து நிண்டா நான் பொறுப்பில்ல."

"அப்பிடி ஒண்டும் வராது தம்பி..." என்ற கபூரின் குரல் கரகரத்தது. அழுகிறாரா, தடிமல் சளியா என்று ஜிப்ரிக்குப் புரியவில்லை. கோபிக்காமல் எவ்வளவு பதமாகப் பேசிவிட்டோம், உம்மா கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கம் யாரோ போனைப் பறிப்பது கேட்டது. அடுத்து வந்தது ஒரு பெண்குரல்.

"நான் இர்ஷானா. வாப்பா கேட்டது ஞாயிறு நீங்க பொண் பாக்க வாற நேரத்த. வரக்குள்ள தராசையும் கொண்டு வாங்க!"