எட்டாவது சாவி

பாலிகஞ்ச் ரௌட்டர் மூன்றாவது முறையாக வசுமதியை வெளியே தள்ளியது.

மணி மூன்று நாற்பது.

சால்ட் லேக் அலுவலகத்து ஏ.சி.யிலும் அவளுக்குக் கழுத்தில் வியர்வை. நாலு மணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஏழு கிளைகளும் புது இணைப்புக்கு மாறுகின்றன. ஆறு ரௌட்டர்களுக்குப் புதுக் கோப்பு போய்விட்டது. பாலிகஞ்சுக்குப் போகாவிட்டால் அந்தக் கிளை அறுந்து நிற்கும். திங்கட்கிழமை நிரந்தரமாக வேண்டிய அவள் வேலையும்தான்.

உள்ளே நுழைய ரௌட்டருக்கு ஒரு சாவிக் கோப்பு. ஏழுக்கு ஏழு.

காலையில் பாலிகஞ்சுக்குப் புதுச் சாவி செய்யும்போது, இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, அதன் மேலேயே எழுதிவிடவா என்று கணினி கேட்டது. யோசிக்காமல் ஆமென்று 'ஒய்' தட்டிவிட்டாள். பழைய சாவி போயே போய்விட்டது. ரௌட்டரோ பழையதைத்தான் கேட்டு அடம்பிடிக்கிறது.

நேரில் ஓடலாமென்றால் பைபாஸில் ஊர்வலம்.

மிச்சம் ஒரே ஆள், மஹாதேவன். ஏழு ரௌட்டர்களையும் நிறுவியவர். கணக்கில் வராத எட்டாவது சாவி ஒன்றை எல்லாவற்றிலும் ஒளித்திருக்கிறார் என்று பெயர் போடாத மெயில் ஒன்று மேலிடத்துக்குப் போக, போன மாதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

வேறு வழியில்லை. எண்ணை அழுத்தினாள்.

அவர் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். 'ஒய்' என்றதும் சிரித்தார். தானும் ஒரு தடவை அதைத் தட்டிவிட்டு அசன்சோலுக்கு ரயிலேறி ஓடியிருக்கிறாராம். எட்டாவது சாவி செய்ததே அதற்காகத்தானாம். அதை ஆறு ரௌட்டர்களில் அவர் கண்ணெதிரே அழித்தார்கள். அன்றைக்கு பாலிகஞ்சில் கரெண்ட் இல்லை. அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள்.

"அதைக் குடுத்துப் பாரும்மா."

உங்கள் கணினியைத்தான் அன்றே துடைத்துவிட்டார்களே சார், என்றாள் வசுமதி.

எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"என்னோடதுல எதுக்குத் தேடறே? உன்னோடதுல இருக்கே."

வசுமதி தன் கணினியில் பழைய கோப்புறை ஒன்றைத் திறந்தாள். விரல்கள் ஓடின. எட்டாவது சாவி. என்டர்.

கதவு திறந்தது.

மூன்று ஐம்பத்தாறுக்குக் கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. நன்றி சொல்ல போனைக் காதில் வைத்தாள். அவர் எப்போதோ வைத்துவிட்டிருந்தார்.

அவர் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், பெயர் போடாத அந்த மெயிலோடு சேர்த்து அனுப்புவதற்கென்று அவர் கணினியிலிருந்து அவள் எடுத்து வைத்த பிரதி, அந்த எட்டாவது சாவி.