கழுத்தில் இருக்கிறவரை

கோர்ட் அமீன் ஞானதுரை கட்டிலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அது இருக்கட்டும் என்றார்.

கோர்ட்டிலிருந்து வந்த மனிதர் ஒரு பொருளை இருக்கட்டும் என்று சொன்னதே பெரிய காரியம். பிரிட்ஜ், டிவி, பீரோ, வாசலில் நின்ற வேன் எல்லாம் ஏற்கெனவே அவர் தாளில் ஏறிவிட்டன.

மூக்கம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்குள் ஜப்தி வந்து நிற்கிறபோது யாருக்குத்தான் இறங்கும்.

அவள் புருசன் பாண்டீஸ்வரன் கம்பத்தைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களைக் காயிலேயே விலைபேசி வாங்குகிறவன். அடுத்தடுத்து இரண்டு வருடம், பழுக்கிற நேரம் பார்த்து மழை ஊற்றியது. பழமெல்லாம் கொடியிலேயே வெடித்தது. வானத்தின் மேல் யார் கேஸ் போட முடியும்? மஞ்சள் கடுதாசி கொடுத்துக் கையை விரித்துவிட்டான். கவலைக்குக் குடித்த குடியில் ஈரல் வீங்கி, மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பக்கத்தில் அவன் தம்பிதான் துணை.

மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் வீட்டில் சட்டம் விட்டுவைப்பது கொஞ்சம்தான். சமைக்கிற பாத்திரம், உடுத்துகிற துணி, படுக்கிற கட்டில். அப்புறம், சுமங்கலி கழுத்தில் கிடக்கிற தாலி.

வக்கீல் சொன்ன அத்தனையிலும் அந்தக் கடைசி ஒன்றைத்தான் மூக்கம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஏழு பவுன் கொடி. மகள் ஓவியா நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதற்கு இதை விட்டால் வேறு நாதி கிடையாது.

அதனால் இன்றைக்கு விடிந்ததும் தலைக்குக் குளித்தாள். முகத்தில் மஞ்சள் பூசி, வகிட்டில் குங்குமம் வைத்து, தலை நிறையக் கனகாம்பரமும் வைத்துக்கொண்டாள். ஜப்தி நாளில் சிங்காரத்தைப் பார் என்று எதிர்வீட்டு வாசலில் பேச்சு நடந்தது. பேசட்டும். பேச்சை எந்தக் கோர்ட்டும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.

கடன்காரர்கள் தொல்லை தாங்கவில்லை என்று இரண்டு செல்போனையும் அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அப்பாவோடு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று ஓவியா கேட்டதற்கும், முதலில் இது முடியட்டும் என்று சொல்லிவிட்டாள்.

உரக்கடைக் கர்ணனும் அமீனோடு வந்திருந்தான். பெயரில்தான் கர்ணன், வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவன் கண் அவள் கழுத்தைவிட்டு நகரவில்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. தோட்டங்களுக்கு மருந்தும் உரமும் கடனுக்கு இறக்கியே அவன் கடை பாதி காலியாகிவிட்டது.

கிரைண்டர் பாத்திரமா மெஷினா என்று முதலில் தகராறு செய்தான். மாவு ஆட்டித்தானே சமைக்க வேண்டும் என்று அமீன் அதைக் கடந்து போனார். பரணை அண்ணாந்து பார்த்ததோடு சரி. மாடிக்கு ஏறவே இல்லை. சரியான சோம்பேறி மனிதர் போலிருக்கிறது என்று மூக்கம்மாள் நினைத்தாள். அவளுக்கு அது நல்லதுதான்.

கர்ணன் கடைசியில் அங்கேயே வந்து நின்றான்.

"சார், இது தாலிக்கொடியா, தேர் வடமா? இதையும் எழுதுங்க."

அமீன் மூக்கம்மாள் பக்கம் திரும்பினார். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். ஊருக்கே தெரிந்ததுதான். ஆனாலும் கோர்ட்டு ஆள் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

மூக்கம்மாள் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மதுரையில இருக்காக."

ஞானதுரை பேனாவை ஊன்றியபடி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார்.

"கழுத்துல இருக்கிறவரைக்கும் அது தாலிதாம்ப்பா, கர்ணா. நகைக் கணக்குல வராது."

கர்ணன் சாட்சிக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, யாரையோ வைதுகொண்டே பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான்.

ஓவியா காப்பி கொண்டுவந்தாள். அமீன் வேண்டாம் என்று கையை அசைத்தார். காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு ஓவியா அடுப்படிக்குள் திரும்பிப் போகும்வரை பேசாமல் நின்றார். பிறகு வாசல்படியில் வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க வக்கீலுக்கும் விடியக்காலை போன் வந்துச்சு, ஆத்தா. வண்டி ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிருச்சாம். என் வேலைய முடிச்சிட்டேன். இனிமே நீ அழுகலாம்."

அவர் பைக் தெருமுனையில் திரும்புகிறவரை மூக்கம்மாள் அங்கேயே நின்றாள்.

கோழி கூப்பிடுகிற நேரத்தில் கொழுந்தன் போனில் அழுதுகொண்டே சொன்ன சேதி. இறந்துபோன மனிதனைப் பொழுது உச்சிக்கு வரும்வரை அவள் ஒருத்தியாக உயிரோடு வைத்திருந்தாள். இனி உள்ளே போய் ஓவியாவிடம் சொல்ல வேண்டும்.