ஐந்தாவது போத்தல்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்தபின் வந்த முதல் போகி அன்று, மலாக்கா ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது என் மனைவி மல்லிகாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. என்னோடு வேலை செய்யும் அப்பாசாமி, மலாய் பேசும் செட்டிகள் வாழும் தன் காஜா பேராங் கிராமத்திலிருந்து மூன்று சொந்தக்காரர்களைக் கூட்டிவந்தார். நால்வரும் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு, தங்கள் போகி வழக்கப்படி முன்னோருக்குப் படையல் போடக் கிளம்பினார்கள்.

மாலையில் மல்லிகா கண் திறந்தாள்.

"அஞ்சாவது போத்தல்தான் காப்பாத்துச்சு," என்றார் நர்ஸ் மிஸ்ஸி.

"நாலு பேர்தானே கொடுத்தாங்க?"

"அஞ்சு பேரு. எல்லாருக்கும் நான்தான் காப்பி கொடுத்தேன். கடைசியா வந்தவரு மட்டும், வீட்டுல காப்பி வச்சிருப்பாங்கன்னு மலாய்ல சொல்லிட்டுக் குடிக்காமப் போயிட்டாரு."

நன்றி சொல்ல அப்பாசாமி வீட்டுக்குப் போனேன். இறந்தவர்கள் சாப்பிடட்டும் என்று படையல் அறையைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்தபோது படையல் கலையாமல் இருந்தது. போன வருஷம் இறந்த அப்பாசாமியின் அண்ணன் தியாகுவின் இலையில் மட்டும் காப்பிக் கோப்பை காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு பஞ்சு. அதில் ரத்தம் இன்னும் காயவில்லை.

இலைக்கு முன் விழுந்து கும்பிட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு போகிக்கும் ரத்தம் கொடுக்கிறேன். தனியாகத்தான் போகிறேன். மிஸ்ஸி இரண்டு காப்பி கொண்டுவருகிறார்.