பேராசிரியரின் முதுகு

நுரையீரலில் தழும்பேறும் நோயை ஆராய்ந்தே பெயர் வாங்கி, அதே நோயில் செத்துப்போன பேராசிரியர் குலசேகரனின் மாணவர்கள் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். அவருடைய மனைவி வசுமதி காபி கொடுத்தாள். ஆரோக்கியமான மூச்சு எப்படிக் கேட்கும் என்று காட்ட, வருடாவருடம் அவர் சட்டையைக் கழற்றி, வகுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாராம். ஒவ்வொருவராக வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டுமாம்.

"எங்களுக்கு நார்மல்னா சாரோட முதுகுதான் மேடம்," என்றான் ஒருவன். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

"கடைசியா எப்ப கேட்டீங்க?" என்றாள் வசுமதி.

"போன வருஷம்," என்றாள் மாணவி ஆரிஃபா. "வலது பக்கம் அடியில, காதுகிட்ட தலமுடிய உருட்டுற மாதிரி ஒரு சத்தம்."

நோயின் முதல் அடையாளமே அந்தச் சத்தம்தான். அவர் வீட்டில் பாடத்தைச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அப்படிச் சொல்ல வசுமதி கேட்டிருக்கிறாள். போன வருடமே மருந்தைத் தொடங்கியிருக்கலாம்.

"கேட்டுட்டு?"

"எல்லாரும் நார்மல்னாங்க மேடம். சாரோட முதுகாச்சே. நானும்..."

"இத்தன பேரு காதுலயும் பஞ்சா வச்சிருந்தீங்க?"

வசுமதி ஆரிஃபாவின் பையிலிருந்து ஸ்டெத்தை உருவி அவள் மடியில் போட்டாள். நாற்காலியைத் திருப்பி, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"வை. கேக்கறத சொல்லு."

ஸ்டெத்தின் சில்லென்ற வட்டம் முதுகைத் தொட்டது. வசுமதி மூச்சை ஆழமாக இழுத்தாள்.