நாலு நட்டு

செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள் தேவிகா. இன்றைக்கு விடுவதாக இல்லை.

பெங்களூரு வேலைக்குப் போன புருஷன் கோபால் எட்டு மணி ரயிலில் வந்து இறங்குவான். அவனை வீட்டுக்குள் விடாமல் அப்படியே ராபர்ட்சன்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போய் டி.வி. வாங்கிவிட வேண்டும். கடைக்கார ரோனிக்குப் போன் பண்ணி, ஒன்பது மணி வரை சாத்தாதீங்க என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஷோபாவிடம் ஐம்பத்தைந்து இஞ்ச் டி.வி. இருக்கிறது. எட்டு மாதமாக இவளுக்கு வயிறு எரிகிறது.

அது வந்த கதையைக் கேட்டால் உங்களுக்கே எரியும். கோலார் தங்கச் சுரங்கத்துக் கூலிகளுக்குக் கட்டின சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் மூங்கில் தட்டியில் மண் பூசினது. டி.வி. மாட்ட வந்தவன் இதில் ஆணி நிற்காது என்று நீள போல்ட்டாக நாலு விட்டான். நாலும் இந்தப் பக்கம், தேவிகா வீட்டில் எட்டிப் பார்த்தன. நட்டுப் போட இவள் வீட்டுக்குள்தான் வந்தாக வேண்டும். வந்தான். இவளே டார்ச் அடித்தாள், ஸ்பேனரும் எடுத்துக் கொடுத்தாள். பெரிய மனசு பண்ணிவிட்டு அன்று ராத்திரி முழுக்கப் புரண்டாள்.

எவளோ பார்க்கிற டி.வி.யை என் சுவர் சுமக்கிறதா!

நாலு நட்டு. ஒரு ஸ்பேனர் போதும். சாமி சத்தியமாக அவள் கழற்றவில்லை. ஆனால் நினைக்காத நாளும் இல்லை.

வாங்கிப் போட்டவன் ஷோபாவின் புருஷன் மஞ்சுநாத். ஐதராபாத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனான், வாங்கினான், ஆள் வைத்து மாட்டினான், திங்கட்கிழமை கிளம்பிவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆம்பளைன்னா அப்படி இருக்கணும் என்று அதற்கும் ஒரு பொறாமை.

இவளுக்கு வாய்த்தது கோபால். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பழைய டி.வி. புகைந்துபோய் இரண்டு வருஷமாகிறது. எல்.இ.டி. வாங்கலாம் என்றால் ஓ.எல்.இ.டி. விலை இறங்கட்டும் என்பான். சரி, அதையே வாங்கலாம் என்றால், அதில் படம் அப்படியே பதிஞ்சு போயிருமாம் தேவிகா, மைக்ரோ எல்.இ.டி. வருது, கொஞ்சம் பொறு என்பான். ரயிலில் போக வர நாலு மணி நேரமும் போனில் அதைத்தான் பார்ப்பான். வந்து உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கினால் அத்தனையும் கொட்டுவான். டீ ஆறிப்போகும், பேச்சு ஓயாது.

தேவிகாவின் காது என்னவோ சுவரில்தான் இருக்கும். பக்கத்து வீட்டு சீரியலைக் கேட்டே கதையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகிறது மாமியாரா மருமகளா என்று முகம் தெரியாது. குத்துமதிப்பாக ஒருத்தியைத் திட்டிவைப்பாள். வந்து பாருக்கா என்று ஷோபா எத்தனையோ தடவை கூப்பிட்டாள். மானம் விடவில்லை. நாங்க புதுசா வர்றதை வாங்கப் போறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

இப்படி ஓசியில் காதால் கேட்கிறதும் ஷோபாவுக்குப் பொறுக்கவில்லை. கோபால் வந்து உட்காருகிற நேரம், சீரியல் சூடு பிடிக்கிற நேரம், பட்டென்று டி.வி.யை நிறுத்திவிடுவாள். தினமும்! எவ்வளவு கொழுப்பு இருக்கணும்? அதுதான் இன்றைக்கு தேவிகாவைச் செருப்பு மாட்ட வைத்தது.

கோபால் வந்தான். நடங்க கடைக்கு என்றாள். அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் தெருவில் இருந்தாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. டி.வி. வாங்கவாக்கா என்றாள் ஷோபா. ஆமா என்று தேவிகா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஷோபாவின் முகம் சுண்டிவிட்டது. தேவிகாவுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. எரிடி, நல்லா எரி.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்ணா," ஷோபா கோபாலைப் பார்த்துச் சொன்னாள். "சுரங்க ஷாப்ட்டுக்குள்ள லைட்டை அணைச்சா இருக்குமே, அந்தக் கறுப்பு புது டி.வி.ல வரப் போவுதுன்னு நேத்து சொன்னீங்களே."

நேற்று சொன்னதுதான். வீட்டுக்குள், டீ குடிக்கும்போது, தேவிகாவிடம் சொன்னது. தேவிகா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"கோவிச்சுக்காதக்கா. அண்ணன் பேச ஆரம்பிச்சா நான் டி.வி.யை நிறுத்திட்டு கேட்டுக்கினு உக்காந்திருப்பேன். எங்க வூட்ல வேற யாரு பேசறாங்க?"

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோபால் தலையைச் சொறிந்தான். தேவிகா செருப்பைக் கழற்றினாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

டீ போட்டுக் கொடுத்தாள். அவன் வழக்கம்போல் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, டிசம்பரில் வரப்போகிற பேனலைப் பற்றி ஆரம்பித்தான். பக்கத்து வீட்டு டி.வி. நின்றது.

எட்டு மாதமாக எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா? இப்போது எரிந்தது பாருங்கள் வயிறு! என் புருஷன் என்னிடம் பேசுகிறதை ஒருத்தி உட்கார்ந்து தினமும் கேட்டிருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.

மெதுவாப் பேசுங்க என்றாள்.

கோபால் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தினதில் இவளுக்கே கேட்கவில்லை. மணையை இழுத்துப் போட்டு அவன் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தாள். உம், அப்புறம் என்றாள். அவன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு அப்புறத்தைச் சொன்னான்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் டி.வி. சத்தம் வரவே இல்லை.